இன்யோ தேசியக் காட்டுக்கு அம்மா அப்பாவோடு நான்கு நாள் – திட்டம் சரிவருமா?

#1 பொன்னிநாடன் – ஜூன் 4

எல்லாருக்கும் வணக்கம். கலிஃபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றிய பே ஏரியாவில் இருக்கிறோம். அம்மா அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள், அக்டோபர் வரை இருப்பார்கள். அப்பாவுக்கு 68. திருவையாறு பக்கம் ஆயுசு முழுக்க வயலில் நின்றவர், நன்றாக நடப்பார். அம்மாவுக்கு 63, பிரஷர் மாத்திரை உண்டு, வளைவுச் சாலை என்றால் வயிறு புரட்டும். பிள்ளைகளுக்கு 10 வயதும் 6 வயதும்.

வந்த நாளிலிருந்து கோயில், காஸ்ட்கோ, மறுபடியும் கோயில் என்றே பொழுது போகிறது. போன வாரம் மாடியில் நின்றுகொண்டு அப்பா, "இங்கே நட்சத்திரமே இல்லையேப்பா" என்றார். அதிலிருந்து ஒரே யோசனை. ஒரு ராத்திரியாவது இருட்டான இடத்தில் அவர்களைப் படுக்க வைக்க வேண்டும்.

கிழக்குக் கலிஃபோர்னியா மலைகளில் இருக்கும் இன்யோ தேசியக் காடுதான் மனதில். ஜூலை கடைசி வாரம், வியாழன் முதல் ஞாயிறு வரை. என் கணக்கு இது: வியாழன் விடியற்காலை கிளம்பி, யோசெமிட்டி பூங்கா வழியாகப் போகும் டயோகா பாஸ் (மலைக்கணவாய்) தாண்டி மோனோ ஏரி, இரவு மாமத் லேக்ஸில் டென்ட். வெள்ளி டெவில்ஸ் போஸ்ட்பைல் பாறைத் தூண்கள், ரெயின்போ அருவி, கான்விக்ட் ஏரி. சனி காலை லிட்டில் லேக்ஸ் வேலி, மதியம் ஆயிரக்கணக்கான வருஷம் வாழும் பிரிஸில்கோன் பைன் மரங்கள். ஞாயிறு விட்னி மலையடிவாரத்தில் விட்னி போர்ட்டல் பார்த்துவிட்டு அப்படியே வீடு. கேம்ப்சைட் இன்னும் புக் பண்ணவில்லை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 395_ஓட்டுநர் – ஜூன் 4

அண்ணே, நான் அந்த மலைகளுக்குக் கிழக்கே போகும் 395 நெடுஞ்சாலையில் பதினாலு வருஷமாகப் போய்வருகிறவன். உங்கள் திட்டத்தில் தூரம் இருக்கிறது, உயரம் இல்லை. அதை முதலில் எழுதிப் பாருங்கள்.

வீடு கடல்மட்டம். டயோகா பாஸ் 9,900 அடிக்கு மேல். மாமத் ஊர் கிட்டத்தட்ட 7,900. லிட்டில் லேக்ஸ் வேலிக்குக் கார் நிறுத்தும் இடமே 10,000 அடியைத் தாண்டும். பிரிஸில்கோன் மரங்கள் இருக்கும் ஷுல்மன் தோப்பு ஏறக்குறைய 10,000. நம் கணக்கில் சொன்னால், தொட்டபெட்டா உச்சியே 8,650 அடிதான். ஆனைமுடி 8,842. தென்னிந்தியாவில் அதற்கு மேல் மலையே கிடையாது. அதைவிட ஆயிரம் அடி உயரத்தில் சனிக்கிழமை ஒரே நாளில் இரண்டு இடத்தில் அம்மாவை நடக்க வைக்கப் போகிறீர்கள்.

அப்புறம் ஞாயிறு விட்னி போர்ட்டல். அதற்குப் போகும் லோன் பைன் ஊர், பிஷப் ஊரிலிருந்து 60 மைல் தெற்கே. அங்கிருந்து உங்கள் வீடு ஏழெட்டு மணி நேரம். திங்கள் வேலைக்குப் போக வேண்டாமா? அதை இந்த முறை விட்டுவிடுங்கள்.

#3 செவிலி_நெல்லை – ஜூன் 4

மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன், அதனால் இதை மட்டும் சொல்கிறேன். 10,000 அடியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 70 சதவீதம்தான். 8,000 அடிக்கு மேல் முதல் நாளே படுத்தால் பலருக்கும் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரும். நன்றாக நடப்பவர்களுக்கு வராது என்று கிடையாது, வயலில் உழைத்த உடம்பானாலும் வரும். அதனால் அப்பாவையும் கவனியுங்கள். அவர்தான் தலை வலித்தாலும் வெளியே சொல்ல மாட்டார்.

முதல் ராத்திரி கீழே தூங்குங்கள். பிஷப் 4,150 அடி, நல்ல இடம். பகலில் மேலே போய்விட்டு இரவு இறங்கி வருவது உடம்புக்கு நல்லது. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள். பாத்ரூம் போக வேண்டுமே என்று நம் அம்மாக்கள் பயணத்தில் தண்ணீரே குடிப்பதில்லை, அந்த மலையில் அது வேண்டாம். கிளம்பும் முன் அவர் மருத்துவரிடம் உயரத்தைச் சொல்லி, பிரஷர் மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள். மேலே போனதும் தலைவலியோடு வாந்தி, தடுமாற்றம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இதில் எது வந்தாலும் கீழே இறங்குவதுதான் மருந்து. "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று உட்காராதீர்கள்.

#4 சுற்றிவந்தவன் – ஜூன் 5

ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். போன வருஷம் எங்கள் அப்பாவை (71) இதே பாதையில் கூட்டிப்போனோம். மூன்றே நாள், டயோகா, மாமத், பிரிஸில்கோன் எல்லாம் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. இவர்கள் இன்னொரு முறை விசா வாங்கி, இருபது மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து வருவார்களா என்பது யாருக்கும் தெரியாது. கிடைத்த நேரத்தில் எவ்வளவு காட்ட முடியுமோ காட்டிவிட வேண்டும். நான் அதில் உறுதியாக இருக்கிறேன்.

#5 செவிலி_நெல்லை – ஜூன் 5

உங்கள் அப்பாவுக்கு ஒன்றும் ஆகாதது சந்தோஷம். பலருக்கு ஆகாது. யாருக்கு ஆகும் என்பது முன்னாடியே தெரியாது, அதுதான் பிரச்சினை. பக்கத்துப் பெரிய மருத்துவமனைக்கு இரண்டு மணி நேரம் மலைச்சாலையில் இறங்கும்படி திட்டம் போடக் கூடாது.

#6 மலைக்கிறுக்கன் – ஜூன் 5

சுற்றிவந்தவன் சொல்கிற ஏக்கம் எனக்கும் புரிகிறது. என் அம்மா ஒரே ஒரு முறைதான் வந்தார். பத்து நாளில் ஏழு இடம் காட்டினேன். இப்போது கேட்டால் அவருக்கு நினைவிருப்பது ஒன்றே ஒன்று: வழியில் டயர் பஞ்சரானபோது ஓர் ஓடைக்கரையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோமே, அந்த இடம். அதன் பெயர் எனக்கே தெரியாது.

பொன்னிநாடன், தேசியக் காடும் தேசியப் பூங்காவும் ஒன்று என்று நினைத்துத் திட்டம் போட்டிருக்கிறீர்களோ என்று சந்தேகம். யோசெமிட்டி பூங்கா, உள்துறையின் கீழ் வருகிறது. இன்யோ காடு, வேளாண் துறையின் கீழ் வன சேவை பார்த்துக்கொள்கிறது. அதனால் நடைமுறையும் வேறு. நுழைவாயில் கிடையாது, பெரும்பாலான இடங்களில் நுழைவுக் கட்டணமும் கிடையாது. மாடு மேயும், மீன் பிடிப்பார்கள், நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பார்கள். குறிப்பிட்ட இடங்கள் தவிர, சாலையோரம் ஏற்கெனவே டென்ட் போட்டுத் தேய்ந்த இடங்களில் காசில்லாமல் 14 நாள் வரை தங்கலாம். நம் ஊரில் ரிசர்வ் ஃபாரஸ்ட் என்றால் செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்துவார்கள், இறங்கி நடந்தாலே தப்பு. அந்தப் பழக்கத்தில் வருகிறவர்களுக்கு இந்தச் சுதந்திரத்தை நம்பவே முடியாது. ஆனால் சும்மா தங்கும் இடத்தில் கழிப்பறை, தண்ணீர், குப்பைத்தொட்டி எதுவும் இருக்காது. அம்மாவோடு போகும்போது அது வேண்டாம். கழிப்பறை இருக்கும் கேம்ப்கிரவுண்டே எடுங்கள்.

பூங்கா வழியாகப் போவதில் இன்னொரு விஷயம். 2026 ஜனவரி முதல், அமெரிக்காவில் குடியிருக்காதவர்களுக்கு யோசெமிட்டி உட்பட 11 பூங்காக்களில் தலைக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம் வந்திருக்கிறது. டயோகா சாலை பூங்காவுக்குள்ளேதான் போகிறது. உங்களிடம் எந்தப் பூங்கா நுழைவுப் பாஸ் இருக்கிறது, அது அம்மா அப்பாவுக்குச் செல்லுமா என்பதை யோசெமிட்டி தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

#7 பொன்னிநாடன் – ஜூன் 5

இருநூறு டாலர் விஷயம் தெரியவே தெரியாது, நன்றி. அப்படியானால் 108ஆம் சாலையில், சோனோரா கணவாய் (பாஸ்) வழியாகப் போகலாமா?

#8 395_ஓட்டுநர் – ஜூன் 5

அம்மாவுக்கு வயிறு புரட்டும் என்றீர்களே. சோனோரா பாஸில் சில இடங்களில் சரிவு 26 சதவீதம். நான் ஓட்டும்போதே எனக்கு வியர்க்கும் சாலை அது. டயோகா அப்படியில்லை, அகலமானது, நிதானமாக ஏறும். இந்த இரண்டில் எதையும் நான் அடித்துச் சொல்ல மாட்டேன். காசா, அம்மாவின் வயிறா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். என் அம்மாவாக இருந்தால் டயோகாதான்.

கேம்ப்சைட்: ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் ஆறு மாதம் முன்பே காலை 7 மணிக்குத் திறந்து, கோடை வார இறுதிகள் சில நிமிடத்தில் போய்விடும். ஆனால் கேன்சலேஷன் வந்துகொண்டே இருக்கும். தேதி நெருங்க நெருங்க அதிகம் வரும். தினம் காலையும் இரவும் பாருங்கள். கான்விக்ட் ஏரியை முதலில் முயற்சி பண்ணுங்கள், 7,600 அடி, ஏரியைச் சுற்றி இரண்டரை மைல், பெரிய ஏற்றம் இல்லை. பகல் நடைக்குப் பெர்மிட் தேவையில்லை. விட்னி மலைப் பகுதிக்கு மட்டும்தான் பகலுக்கும் வேண்டும். டெவில்ஸ் போஸ்ட்பைல் போகிற ரெட்ஸ் மெடோ சாலையில் சில வருஷங்களாக வேலை நடந்தது, கோடையில் பகல் நேரத்தில் பெரும்பாலும் ஷட்டில் பஸ்தான். அன்றைய நிலவரம் பார்க்காமல் போகாதீர்கள்.

#9 வான்நோக்கி – ஜூன் 6

ஒரு சின்னத் திருத்தம் சொல்லலாமா? நட்சத்திரம்தான் நோக்கம் என்றால் ஜூலை கடைசி வாரம் வேண்டாம். 29ஆம் தேதி பௌர்ணமி. அந்த வாரம் முழுக்க நிலா காய்ந்துகொண்டிருக்கும், பால்வீதி சரியாகத் தெரியாது. ஆகஸ்ட் 12 ஆடி அமாவாசை. அன்று இரவுதான் பெர்சீட் எரிகல் பொழிவும் உச்சம். அமாவாசையும் பெர்சீட்டும் இப்படிச் சேர்ந்து வருவது எல்லா வருஷமும் நடக்காது. இரண்டு வாரம் தள்ள முடியுமா?

#10 பொன்னிநாடன் – ஜூன் 6

அப்பாவிடம் சொன்னேன். "அமாவாசைக்குத் தர்ப்பணம் முடித்துவிட்டு மறுநாள் கிளம்பலாம்" என்று அவரே தேதி குறித்துவிட்டார். ஆகஸ்ட் 13, வியாழன். பிள்ளைகளுக்கு 17ஆம் தேதிதான் பள்ளி.

#11 மலைக்கிறுக்கன் – ஜூன் 6

நல்லது. ஆகஸ்ட் நடுவில் கொசுவும் குறைந்திருக்கும். ஜூலையில் ஏரிக்கரைகளில் நிற்க முடியாது. ஆனால் அது காட்டுத்தீக் காலம், அதைத் திட்டத்துக்குள்ளேயே வைக்க வேண்டும். 2020 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் 18 தேசியக் காடுகளையும் ஒரேயடியாக மூடினார்கள். 2021 ஆகஸ்ட் கடைசியிலும் மூடினார்கள். புக்கிங் இருந்தது, விடுப்பு இருந்தது, காடு இல்லை. அதனால் ஹோட்டலை ரத்து பண்ணக்கூடியதாகவே எடுங்கள். கடற்கரைப் பக்கம் ஒரு மாற்று இடம் கையில் இருக்கட்டும். இரண்டு நாள் முன்பு புகை நிலவரத்தைப் பாருங்கள்.

விறகு மூட்டுவது கேம்ப்கிரவுண்டில் இருக்கும் இரும்பு வளையத்துக்குள் மட்டும், அதுவும் அன்றைக்கு அனுமதி இருந்தால். கேம்ப்கிரவுண்டுக்கு வெளியே கேஸ் அடுப்பு பற்ற வைக்கக்கூட ஒரு பெர்மிட் வேண்டும், இணையத்தில் இலவசம், ஐந்து நிமிட வேலை. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போன பிள்ளைகள் தீயில் சிக்கியதை நாம் எல்லாரும் பார்த்தோம். தீ மலைச்சரிவில் மேல்நோக்கி எவ்வளவு வேகமாக ஏறும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. தூங்கப் போகும் முன் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை மேலே காட்டிப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் ஊற்றுங்கள்.

#12 அடுப்படி_அக்கா – ஜூன் 7

சாப்பாட்டைப் பற்றி யாருமே பேசவில்லையே! பொன்னிநாடன் தம்பி, குக்கரை எடுத்துப் போங்கள். 8,000 அடியில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும், 10,000 அடியில் 90. தண்ணீர் தளபுளவென்று கொதிக்கும், பருப்பு மட்டும் வேகவே வேகாது. முதல் முறை நாங்கள் பாத்திரத்தில் துவரம்பருப்பு போட்டு ஒன்றரை மணி நேரம் நின்றோம். கேஸ் தீர்ந்தது, பருப்பு கல்லு கல்லாக இருந்தது. அன்றைக்கு ஊறுகாயும் பிரெட்டும்தான். மூன்று லிட்டர் குக்கர் போதும். வீட்டில் வைப்பதைவிட இரண்டு விசில் கூட விடுங்கள். முதல் நாளுக்குப் புளியோதரை, இரண்டாம் நாளுக்குச் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் வீட்டிலேயே செய்து எடுத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது கரடி. இதைச் சும்மா படித்துவிட்டுப் போகாதீர்கள். கேம்ப்சைட்டில் இரும்புக் கரடிப் பெட்டி இருக்கும். சாப்பாடு மட்டுமல்ல, வாசனை வருகிற எல்லாம் அதற்குள் போக வேண்டும். நாங்கள் அரிசி, பருப்பு, நெய் எல்லாம் ஒழுங்காகப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். கார் கதவுப் பையில் ஒரு சின்னத் தேங்காய் எண்ணெய் பாட்டில் இருந்தது, மறந்துவிட்டோம். விடியற்காலை மூன்று மணிக்குத் தகரம் கிழிகிற சத்தம். காலையில் பார்த்தால் பின்கதவின் மேல்பாதி வெளிப்பக்கமாக மடிந்து தொங்குகிறது, சீட்டில் நகத்தின் கோடு, எண்ணெய் பாட்டில் நசுங்கி புல்லில் கிடக்கிறது. ரேஞ்சர் வந்து எங்களைத் திட்டவில்லை. மனிதச் சாப்பாடு பழகிய கரடியைக் கடைசியில் கொல்ல வேண்டிவரும் என்று மட்டும் சொன்னார். எனக்குக் கார் போனதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. அமிர்தாஞ்சன், பற்பசை, சோப்பு, அம்மாவின் கைப்பையில் கிடக்கும் ஏலக்காய், பிள்ளைகள் சட்டைப்பையில் மிட்டாய், ஒன்று விடாமல் தேடுங்கள்.

#13 சுற்றிவந்தவன் – ஜூன் 7

இழையை முதலிலிருந்து மறுபடி படித்தேன். எங்கள் பயணத்தில் அப்பா இரண்டாம் நாள் இரவு சரியாகத் தூங்கவில்லை, "குளிர்தான்" என்றார். நாங்களும் அப்படியே எடுத்துக்கொண்டோம். செவிலி அக்கா எழுதியதைப் பார்த்தால் அது குளிர் மட்டுமா என்று இப்போது யோசனையாக இருக்கிறது.

ஆனாலும் பிரிஸில்கோன் மரங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். 1957இல் எட்மண்ட் ஷுல்மன் அங்கே வயது கணக்கிட்ட மெத்தூசலா மரத்துக்கு 4,800 வருஷத்துக்கு மேல். எது அந்த மரம் என்று காட்டமாட்டார்கள், பலகை கிடையாது. 1964இல் நெவாடாவில் இதே வகை மரம் ஒன்றை ஆராய்ச்சிக்காக வெட்டிவிட்டு, வளையத்தை எண்ணினால் 4,800க்கு மேல் இருந்தது. பெயர் சொல்லாமல் காப்பதே நல்லது என்பது என் கட்சி. அங்கே ஒரு மைல் நீளத்தில் டிஸ்கவரி ட்ரெயில் இருக்கிறது, வழியில் பெஞ்சு உண்டு. மேலே தண்ணீரும் பெட்ரோலும் கிடையாது, கீழே பிக் பைன் ஊரிலேயே நிரப்புங்கள்.

#14 பொன்னிநாடன் – ஜூன் 8

சரி, திருத்திய திட்டம். வியாழன் டயோகா, மாலையில் மோனோ ஏரி, இரவு பிஷப் ஹோட்டல். வெள்ளி நிதானமாகக் கான்விக்ட் ஏரி, இரவு அங்கேயே டென்ட் (கேன்சலேஷன் கிடைத்தால்). சனி ஷுல்மன் தோப்பு, இரவு மறுபடி பிஷப். ஞாயிறு வீடு. போஸ்ட்பைல், லிட்டில் லேக்ஸ், விட்னி மூன்றும் போயே போச்சு. கொஞ்சம் வருத்தம்தான்.

#15 செவிலி_நெல்லை – ஜூன் 8

இது நல்ல திட்டம். சனிக்கிழமை அம்மாவுக்கு மனமில்லை என்றால் பிஷப்பிலேயே ஓய்வெடுக்கட்டும். யாராவது ஒருவர் அவரோடு இருங்கள்.

#16 பொன்னிநாடன் – ஆகஸ்ட் 18

போய் வந்துவிட்டோம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கான்விக்ட் ஏரி இடம் ஆகஸ்ட் 9 இரவு பத்தரைக்குக் கிடைத்தது. இரண்டு மாதம் தினமும் பார்த்ததற்கு ஒரே ஒரு ராத்திரி. அது போதும். அக்கா, ஐந்து விசில் விட்டோம், பருப்பு மசிந்தது. கரடிப் பெட்டிக்குள் கடைசியாக அம்மாவின் திருநீற்றுச் சம்புடமும் போனது. "அதைக் கரடி என்ன பண்ணும்" என்றார், மணக்கிறதே என்று என் மகள்தான் வாங்கி வைத்தாள்.

இரவு ஒன்பதரைக்கு விளக்கெல்லாம் அணைத்தோம். அப்பா பாயை டென்டுக்கு வெளியே போட்டுக்கொண்டார். முதல் எரிகல் விழுந்ததும் பிள்ளைகள் கத்தினார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "சின்ன வயசில் களத்தில் நெல்லுக்குக் காவல் படுப்போம், அப்போது இப்படித்தான் இருக்கும்" என்றார். எங்கள் ஊர் வானமும் ஒரு காலத்தில் இப்படி இருந்தது என்பது எனக்கு அதுவரை தெரியாது.

சனி, ஷுல்மன் தோப்பில் இறங்கிப் பத்து நிமிடத்தில் அம்மாவுக்குத் தலை கனத்தது. தண்ணீர் குடித்து, காரில் கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தார், குறையவில்லை. இந்த இழையைப் படித்திருக்காவிட்டால் "இவ்வளவு தூரம் வந்தாச்சே" என்றுதான் சொல்லியிருப்பேன். என் மனைவி உடனே அவரைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். பிக் பைன் போவதற்குள் சரியாகிவிட்டது. அங்கே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து இருவரும் மாங்காய் தின்றார்களாம். நானும் அப்பாவும் பிள்ளைகளும் ஒரு மைல் பாதையை மூன்று மணி நேரம் நடந்தோம். மகன் கீழே கிடந்த சுள்ளியை எடுத்தான். செத்த கட்டையிலும் வருஷ வளையம் இருக்கிறது, அதை வைத்து எட்டாயிரம் வருஷத்துக்கு மேல் பின்னால் கணக்கிட்டிருக்கிறார்கள் என்று பலகையில் படித்துக் காட்டினேன். எடுத்த இடத்திலேயே வைத்தான்.

கார் திரும்பி வந்ததும் இறங்கும் வழியில் சியரா வியூ என்ற இடத்தில் நிறுத்தினோம். கீழே ஓவன்ஸ் பள்ளத்தாக்கு முழுதும் தெரியும். எதிரே பனி மலை இருக்கிறது, கீழே இவ்வளவு காய்ந்து கிடக்கிறதே என்று அப்பா கேட்டார். அங்கே பூர்வீகமாக வாழும் பையூட் மக்கள் அந்த இடத்துக்கு வைத்த பெயரே தண்ணீர் ஓடும் இடம் என்பதுதான் என்றேன். 1913இல் 233 மைலுக்கு வாய்க்கால் வெட்டி அங்கே ஓடும் ஓவன்ஸ் ஆற்றை லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொண்டுபோன கதையைச் சொன்னேன். அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இங்கே விவசாயம் பண்ணினவங்க என்ன ஆனாங்க?" என்று கேட்டார். பலர் நிலத்தை விற்றுவிட்டுப் போனார்கள் என்றேன். பிஷப் வரும்வரை அவர் வேறு எதுவும் பேசவில்லை.

#17 அடுப்படி_அக்கா – ஆகஸ்ட் 18

தம்பி, படித்து முடித்ததும் எங்கள் அப்பா நினைவு வந்துவிட்டது. அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

#18 புதிதாய்_வந்தவர் – ஆகஸ்ட் 21

இழையை முழுக்கப் படித்தேன். செப்டம்பர் கடைசியில் மாமியார் மாமனாரோடு இதே பக்கம் போகிறோம். அப்போது டயோகா திறந்திருக்குமா? டென்டில் குளிர் எப்படி இருக்கும்?

#19 395_ஓட்டுநர் – ஆகஸ்ட் 21

பெரும்பாலும் திறந்திருக்கும், ஆனால் அந்தச் சமயத்தில் ஒரு சின்னப் பனிக்கே ஓரிரு நாள் மூடுவார்கள். இரவில் தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிரலாம். மாமனார் மாமியாருக்குப் பிஷப்பில் ரூம் போடுங்கள், நட்சத்திரத்துக்கு இரவு எட்டு மணிக்குக் காரில் கூட்டிப்போய்விட்டு பத்துக்குத் திரும்பி வாருங்கள். ஆஸ்பென் மரங்கள் அப்போது மஞ்சளாகத் தொடங்கும். பிஷப்புக்கு மேற்கே லேக் சப்ரினா பக்கம் போங்கள்.

#20 பொன்னிநாடன் – ஆகஸ்ட் 21

எங்களிடம் ஆறு பேருக்கு ஸ்லீப்பிங் பேக்கும் மூன்று லிட்டர் குக்கரும் சும்மா இருக்கிறது. பே ஏரியாவில் இருந்தால் தனிமடலில் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.